கப்பல் முழுக்க என் வாசகர்கள்

காலை எட்டு நாற்பது. கப்பலின் பத்தாவது தளம். இட்லி கவுண்டருக்கு மேலே பெரிய கடிகாரம் ஒன்று மாட்டியிருந்தார்கள். அதனால்தான் நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது.

என் மகள் கையில் தட்டோடு வரிசையில் நின்றாள். பின்னால் ஒரு அம்மா. எழுபது வயதிருக்கும். பட்டுப்புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. மகளின் தோளைத் தொட்டார்.

"ஏ தாயீ, நீதானே பெரியவ?"

மகள் திரும்பினாள். "ஆண்ட்டி?"

"இப்ப மாத்திரை இல்லாம உறக்கம் வருதா, கண்ணு?"

அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை.

வரிசையாகச் சொல்கிறேன். இந்த வாரம் வாக்கியங்கள் சின்னதாக இருக்கும். கடினமான சொல் எதுவும் வராது. என் வழக்கமான அலங்காரமும் கிடையாது. காரணம் கடைசியில்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு இருபத்தெட்டு, மகனுக்கு இருபத்துநான்கு. செம்பூரில் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று பெயர். அவள் ஆபீஸிலிருந்து வரும்போது நான் படுத்திருப்பேன். அவன் ஹெட்போனுக்குள் குடியிருக்கிறான். வீட்டுக்காரருக்கு சயானில் ஹார்டுவேர் கடை. நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது? யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

அதனால்தான் கப்பல். மும்பையிலிருந்து கோவா போய்த் திரும்பி வரும் மூன்று இரவுப் பயணம். நடுக்கடலில் போன் வேலை செய்யாது. எங்கே ஓடுவார்கள்? என்னோடு பேசித்தானே ஆக வேண்டும்... இதுதான் என் திட்டம். "கடையை யாரு பாப்பா?" என்று வீட்டுக்காரர் நழுவிவிட்டார்.

டிக்கெட் வந்த வாரமே இந்தப் பக்கத்தில் உங்களிடம் சொன்னேன். நினைவிருக்கிறதா? எந்தக் கப்பல், எந்தத் தேதி, எல்லாம். கொஞ்சம் பெருமைதான்.

ஏறிய உடனே மகன் சொன்னான். "க்யா மா, இது க்ரூஸா, ஆஸ்பத்திரி ஓபிடி வாசலா?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கே பார்த்தாலும் கைத்தடி, குரங்குக் குல்லா, வெந்நீர் பிளாஸ்க். நீச்சல் குளத்தில் ஒரே ஒருவர். அவரும் காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார். டிஸ்கோ என்று போர்டு போட்ட அறையில் தம்போலா நடந்தது.

"இருக்கட்டும்டா. ஸ்வீட்டா இருக்காங்க" என்று மகள் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது! டிக்கெட் காசு அந்தச் சிரிப்புக்கே சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

எனக்கு ஏன் உறைக்கவில்லை? மாட்டுங்கா, விக்ரோலி, திருநெல்வேலி என்று சுற்றிலும் தமிழ்க் குரல்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். தமிழ் வார இதழை இன்னும் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் வேறு யார்? நான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் டிக்கெட்டே போட்டிருந்தார்கள்.

இனி என் குற்றம்.

பதினொரு வருடமாக இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். 'பெரியவள்', 'சின்னவன்' என்றால் உங்களுக்குத் தெரியும். சின்னவன் சி.ஏ. தேர்வில் ஒவ்வொரு முறை தோற்றபோதும் நீங்கள் சிரித்தீர்கள். பெரியவளின் கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனதை எழுதினேன். அவள் டாக்டரிடம் போனதை எழுதினேன். ஒரு விடியற்காலை சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவள் என்னிடம் சொன்னதை, அப்படியே, மூன்று வாரம் எழுதினேன். கடிதங்கள் குவிந்தன. ஒருவர் திருநீறு அனுப்பினார். அதை அவள் தலையணைக்கு அடியில் வைத்தேன். எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை.

என் பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது. எப்படித் தெரியாமல் போகும் என்கிறீர்களா? அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

பேசுவார்கள். பாதி இந்தி கலந்து நன்றாகவே பேசுவார்கள். ஆனால் ஓர் எழுத்து படிக்க வராது. நான் தாராவியில் முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இவர்களை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டேன். அ, ஆ சொல்லிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடவா கிடைக்கவில்லை? கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு அதுவே வசதியாகிவிட்டது. இதழ் எங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே கிடக்கும். மகள் அதன்மேல் டீ கப்பை வைப்பாள். அவள் கதையின் மேலேயே அவள் கப். எனக்குச் சிரிப்புகூட வந்திருக்கிறது.

பிள்ளைகளுக்குப் புரியாமல் பேச ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒரு பாஷை இருக்கும். நான் என் எழுத்தையே அதற்கு வைத்துக்கொண்டேன்.

மறுபடி அந்த வரிசைக்கு வருகிறேன். நான் நாலடி தள்ளி காபி மெஷின் பக்கம் நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது. கால் மட்டும் நகரவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும் ஆண்ட்டி?"

"நல்லாக் கேட்டே போ! உங்கம்மா எழுதுதாகல்லா. நாங்க வாரா வாரம் படிக்கோம். உனக்காக நான் முருகனுக்கு விரதம்லாம் இருந்தேன்."

அந்த அம்மாவின் பெயர் கோமதி என்று பிறகு தெரிந்தது. கைப்பையிலிருந்து ஜிப் வைத்த ஒரு பவுச்சை எடுத்தார். உள்ளே மடித்த பேப்பர்கள். என் பத்திகள். வெட்டி, தேதி போட்டு, பத்திரமாக.

"எனக்குத் தமிழ் படிக்க வராது" என்றாள் மகள். "நீங்க படிச்சுக் காட்றீங்களா?"

கோமதி அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். நிறுத்தி, ஏற்றி, இறக்கி... மிக நன்றாகப் படித்தார். வரிசை அப்படியே நின்றது. சாம்பார் ஊற்றுகிறவர் கரண்டியோடு நின்றார். கடைசி வரி வந்தது.

'சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி செய்யலாம். மகளின் உறக்கம் தொலைந்தால்?'

அதை எழுதிய அன்று நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். நல்ல முடிவு கிடைத்துவிட்டது என்று இரண்டு நாள் மிதந்தேன். கோமதி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். காலித் தட்டைச் சத்தம் வராமல் அடுக்கின்மேல் வைத்தாள். போய்விட்டாள்.

கப்பலில் கோபித்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும்? இந்தக் கேள்வியை முன்பு நான் நகைச்சுவையாக எழுதியிருப்பேன். அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தண்ணீரைப் பார்த்தேன்... பிறகு தேடி ஓடினேன்.

கேபினில் இல்லை. மேல் தளத்தில் இல்லை. மகன் எதிரே ஓடிவந்தான்.

"அக்கா எங்க மா?"

"தெரியலடா..."

"டாக்டர் மேட்டர் அவ ஃப்ரெண்ட்ஸுக்கே தெரியாது. ஆபீஸ்ல வைரல் ஃபீவர்னு சொல்லி லீவ் போட்டா. இங்க கண் ஆபரேஷன் பண்ணின தாத்தாவுக்குக்கூட தெரியுது. ஹத் ஹை மா! எல்லாத்துக்கும் ஒரு லிமிட் இல்லையா?"

"உன்னைப் பத்தியும்தான்டா எழுதியிருக்கேன்." ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை.

"தெரியும். நேத்து ஒரு அங்கிள் 'இது அஞ்சாவது தடவையா தம்பி'ன்னார். வேற யாரையோ சொல்றார்னு நெனச்சேன்."

அவன் சிரிக்கவில்லை. எப்போதும் சிரிக்கிறவன்.

செக்யூரிட்டி ஆபீஸருக்கு நல்ல பொறுமை. மகளின் வயதைக் கேட்டார். சொன்னேன். "மேடம், பச்சி நஹி ஹை" என்றார். அவள் குழந்தையில்லை. உங்களுக்குத் தெரியாது சார், அவளுக்கு... என்று வாயெடுத்தேன். அவரிடமும்! அந்த நிலையிலும்! வாயை மூடிக்கொண்டேன். மூடினால் எப்படித் தேடுவார்கள் என்ற பயம் வேறு. கடைசியில் என் முகத்தைப் பார்த்தே ஆள் அனுப்பினார்.

அரைமணி நேரத்தில் பதில் வந்தது. பத்திரமாக இருக்கிறாள். எங்கே என்று உங்களிடம் சொல்ல வேண்டாம் என்கிறாள்.

உயிர் வந்தது. மற்றதெல்லாம் போயிருந்தது.

அதற்குள் 'பெரியவளைக் காணோமாம்' என்ற செய்தி கப்பல் முழுக்கப் பரவிவிட்டது. கேபின் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். அன்பாகத்தான் வந்தார்கள். என் மகளுக்கு என்ன பிடிக்கும், எதற்கு அழுவாள், எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான்தானே சொன்னேன்? ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துச் சொன்னார். "கவலப்படாதீங்கம்மா. அடுத்த வாரம் இதையே எழுதிருங்க. பிரமாதமா வரும்."

அந்தக் கையை உதற வேண்டும்போல் இருந்தது. உதறவில்லை. ஏனென்றால், சொல்லவே கூசுகிறது, அவர் சொல்வதற்கு முன்பே முதல் வரி என் மனதில் ஓட ஆரம்பித்திருந்தது. காலை எட்டு நாற்பது.

கப்பல் திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. மகள் ஆபீஸ் போகிறாள், வருகிறாள். 'சாப்ட்டேன்', 'வேணாம்', 'கதவ சாத்திட்டுப் போ'... இவ்வளவுதான் பேச்சு. சாப்பாட்டு மேஜைக்கு வருவதில்லை. மகன் அவளோடு அவள் அறையில் சாப்பிடுகிறான். நாலு பேரை ஒன்றாக உட்கார வைக்கத்தான் நான் கப்பல் ஏறினேன்.

கப்பலில் அன்று அவள் திரும்பி வந்தது மாலை நாலு பத்துக்கு. தனியாக வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கையில் கோமதி அம்மாவின் பவுச். அத்தனை நேரமும் அவர் கேபினில்தான் இருந்திருக்கிறாள். நான் எழுந்தேன். அவள் ஓரடி பின்னால் போனாள்.

"மொத்தம் ஒம்பது இருந்துது மா. எல்லாத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன்."

நான் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நீ நல்லா எழுதறே. அதான் ஜாஸ்தி வலிக்குது."

பவுச்சைப் பிரித்தாள். மேலே இருந்த பேப்பரில் நான் எழுதிய முதல் சொல்லின்மேல் விரலை வைத்தாள். அதற்கடியில் இங்கிலீஷ் எழுத்தில் அதன் உச்சரிப்பு பென்சிலால் எழுதியிருந்தது. கோமதி அம்மா எழுதிக் கொடுத்ததாம்.

"இதையும் எழுதுவே, தெரியும். எழுதிக்கோ. இந்தத் தடவை நானே படிப்பேன்."