இடதுகைக்கு ஒரு ரிமோட்

கத்திரி அக்கா என்ற பெயர் அவளுக்குத் தையல் கூடத்தில் ஒட்டிக்கொண்டது. மருத்துவமனை ஊழியர்களுக்குச் சீருடை தைக்கும் கூடம் அது. இருபது அடுக்குத் துணியை நீள மேசையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டு மெஷினை ஓட்டுவது அவள் வேலை. மெஷின் எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும், மூலைகளைக் கத்தரியால் ஒரு முறை தொட்டுச் சரிசெய்யாவிட்டால் அவளுக்கு மனசு ஆறாது. அப்படி வந்த பெயர். பத்தொன்பது வருஷம் அந்த மேசைக்கு முன்னால் நின்றே கழித்தாள். சாப்பாட்டு நேரத்தில்கூட உட்காரத் தெரியாதவள் என்று கூடத்தில் கேலி பேசுவார்கள்.

அவளை உட்கார வைத்தது கணவருக்கு வந்த பக்கவாதம்.

அவர் நெடுந்தூரப் பேருந்து ஓட்டியவர். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'டிரைவர்'தான். ஓய்வு பெற்ற மறு வருஷம் ஒருநாள் காலை, முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். உயிர் தப்பியது. பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பியது. வலது கையும் வலது காலும் மட்டும் அவர் சொல்பேச்சு கேட்காமல் போயின. கைத்தடியை ஊன்றிக் குளியலறை வரை போய் வருவார். மற்ற நேரமெல்லாம் வீட்டுக் கூடத்து நாற்காலிதான்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன், "அப்பாவுக்குப் பொழுது போகணும்மா" என்று ஒரு ஹோம் தியேட்டரையே வாங்கி அனுப்பிவிட்டான். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி, அதற்குச் செட்டாப் பாக்ஸ், டிஸ்க் பிளேயர், இணையத்தில் படம் பார்க்க ஒரு குட்டிப் பெட்டி, எல்லாவற்றின் சத்தத்தையும் வாங்கி ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுக்க ஓர் ஆம்ப்ளிஃபயர். பொருத்த வந்த ஆள் மூச்சு விடாமல் பேசினான். முதலில் டிவி, பிறகு பாக்ஸ், பிறகு ஆம்ப்ளிஃபயர், அதில் நாலாம் நம்பர், டிவியில் இரண்டாம் நம்பர். கடைசியில் ஐந்து ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அந்த ஐந்துக்கும் அவள்தான் ஆள். கத்திரி அக்கா வேலையை விட்டது அவரைக் குளிப்பாட்டவும் மாத்திரை கொடுக்கவும்தான். அதெல்லாம் காலை ஒன்பதுக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மதியம் வரை அவளைக் கட்டிப்போட்டது ரிமோட். அரிசி களையும்போது, "ஏம்மா, சத்தம் போயிடுச்சு" என்பார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். திரும்பிப் போய் உலையைப் பார்த்தால், "ஏம்மா, நீலமா வருது." சிக்னல் இல்லாமல் திரை முழுக்க நீலம் அப்பிக்கொண்டு நிற்கும். மருந்துக் கடைக்குப் போனால் பாதி வழியில் போன் வரும். வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரே ஒருவர் நிற்கும்போது போன் வந்து, மருந்து வாங்காமலே திரும்பிய நாளும் உண்டு.

"அப்படியே வெச்சிருங்களேன், எதுக்கு எதையாவது அமுக்கறீங்க?"

"நான் எங்க அமுக்கினேன்? கை பட்டுருக்கும்."

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. முடியாமல் கிடக்கிற மனுஷனைப் பற்றி என்னவென்று சொல்வது? டிவி பார்க்கக் கூப்பிடுகிறார் என்றா? சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கதவைத் திறந்து படியில் காலை வைக்கும்போதெல்லாம், பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். படி இறங்குமுன் ஒரு கணம் நின்று காது கொடுத்துக் கேட்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் தையல் கூடத்து முதலாளியம்மா போன் செய்தாள். வெட்டுகிறவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், புதிதாக வந்தவர் வெட்டிய டாக்டர் கோட்டில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. "அரை நாள் போதும் அக்கா. ஒன்பதுல இருந்து ஒண்ணு வரைக்கும். உங்க மேசை அப்படியேதான் இருக்கு."

கத்திரி அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யோசிக்க ஒன்றும் இல்லை. போனை வைத்த கணத்திலேயே அவள் கால் கிளம்பிவிட்டது. எதிர்வீட்டில் ஒரு பெண் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்த்தாள். பதினொரு மணிக்கு வந்து எட்டிப் பார்த்து ஒரு டம்ளர் காபி கொடுப்பதாக அவள் ஒப்புக்கொண்டாள். மிச்சம் இருந்தது ரிமோட் மட்டும்தான்.

"எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ரிமோட் இருக்குதாமே, அதை வாங்கிடுங்க அக்கா" என்று அந்தப் பெண்தான் சொன்னாள்.

கடைவீதியில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்தவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்று ரகத்தை எடுத்து வைத்தார். முதலாவது மலிவு. கூடவே ஒரு சின்னப் புத்தகம், அதில் கம்பெனி வாரியாக நம்பர். நம் டிவிக்கு உரிய நம்பரைத் தேடிப் போட வேண்டும். அவள் வீட்டு ஆம்ப்ளிஃபயர் கம்பெனி அந்தப் புத்தகத்திலேயே இல்லை. இரண்டாவது கண்ணாடிப் பலகை போல வழவழவென்று இருந்தது. பொத்தானே கிடையாது, தொட்டால் போதும்.

"இதுதாம்மா இப்ப எல்லாரும் வாங்கறாங்க."

கத்திரி அக்கா தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டாள். இடது கையால் அதை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கடைக்காரர் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

"வேண்டாங்க. விரல் எங்க நிக்குதுன்னு கைக்குத் தெரியல."

"யாருக்குங்கம்மா?"

"வீட்டுக்காரருக்கு. வலது பக்கம் வராது."

அதற்குப் பிறகு அவர் விற்கிற பேச்சை நிறுத்தினார். உள்ளே போய் ஓர் அட்டைப் பெட்டியைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். தடித்த ரிமோட், பெரிய ரப்பர் பொத்தான்கள், நடுவில் மேடாக ஒன்று. பழைய ரிமோட்டை இதற்கு நேராக வைத்து அமுக்கினால் இது கற்றுக்கொள்ளும் என்றார். நாலைந்து வேலைகளை வரிசையாக ஒரே பொத்தானில் ஏற்றவும் செய்யலாம். அவள் அதையும் இடது கையால் தூக்கிப் பார்த்தாள். கண்ணை மூடியபடி மேட்டுப் பொத்தானைத் தேடினாள். கட்டைவிரல் ஒரே தடவையில் போய் உட்கார்ந்தது.

இரண்டு நாள் காலை முழுக்க அவள் தரையில் உட்கார்ந்து அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். பழையதும் புதியதும் மூக்கோடு மூக்கு வைத்து, ஒவ்வொரு பொத்தானாக. சிவப்பு விளக்கு இரண்டு முறை மினுக்கினால் புரிந்துகொண்டது என்று அர்த்தம். எல்லாவற்றையும் மேட்டுப் பொத்தானில் ஏற்றி அமுக்கினாள். டிவி எரிந்தது. பாக்ஸ் அணைந்தது. மறுபடி அமுக்கினாள். டிவி அணைந்து பாக்ஸ் எரிந்தது. இரண்டுக்கும் போடவும் அணைக்கவும் ஒரே பொத்தான் என்பதால், ஒன்று முந்திக்கொண்டால் மற்றது எப்போதும் எதிர்க்கட்சி. கடைசியில் பாக்ஸை வரிசையிலிருந்தே எடுத்துவிட்டு, அது பாட்டுக்கு எப்போதும் எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

டிரைவர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "எதுக்கு இவ்வளவு பாடு?"

"நான் வேலைக்குப் போகப் போறேங்க. அரை நாள்."

அவர் ரிமோட்டை இடது கையில் வாங்கினார், பொத்தானை அமுக்கினார், கையை மடியில் போட்டுவிட்டார். டிவி வந்தது, சத்தம் வரவில்லை. நாலு கட்டளையும் போய்ச் சேர ஆறு விநாடி ஆகும். அதுவரை ரிமோட் பெட்டிகளைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அவர் கைக்கு அவ்வளவு நேரம் நிற்க வலு இல்லையோ, மனசு இல்லையோ, இறங்கிவிடும். கத்திரி அக்கா பழைய மெத்தையிலிருந்து ஆப்பு வடிவில் ஒரு துண்டு வெட்டி, உறை தைத்து, நாற்காலிக் கையில் நாடாவால் இறுக்கிக் கட்டினாள். அதன் பள்ளத்தில் ரிமோட் டிவியைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்தது. இனி தூக்கவே வேண்டாம். விரலை வைத்தால் போதும். ஐந்து முறை அமுக்கச் சொன்னாள், ஐந்து முறையும் வேலை செய்தது. சந்தோஷத்தில் அவள் தானும் ஒரு முறை அமுக்கிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் வாரம் போன் வரவில்லை. மேசைக்கு முன்னால் நின்றபோது கால் வலித்தது, அந்த வலிகூட இனித்தது. ஆனாலும் போனை மேசை ஓரத்தில், கண் படுகிற இடத்தில் வைத்திருந்தாள். மெஷின் சத்தத்தில் மணி அடிப்பது போலவே இருக்கும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போன் வந்தது.

"வேலை செய்யல."

"பொத்தானை அமுக்கிப் பாருங்க."

"அமுக்கியாச்சு. நீ வா."

மெஷினைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்து வந்தாள். பொத்தானை அமுக்கினாள், ஒன்றும் நடக்கவில்லை. ரிமோட்டைத் திருப்பினாள். பின்மூடி அரைகுறையாகச் செருகியிருந்தது. உள்ளே பேட்டரி இல்லை.

"பேட்டரி எங்கங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவள் குனிந்து நாற்காலியின் கீழே பார்த்தாள், மெத்தை இடுக்கில் விரலை விட்டுத் துழாவினாள். அவர் இடது தொடைக்கு அடியில் இரண்டும் சூடாகக் கிடந்தன.

ஒரு கையால் அந்த மூடியைக் கழற்றுவது லேசான காரியம் இல்லை. அவர் கட்டைவிரல் நகம் உடைந்திருந்தது. அவள் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வர வேண்டிய இடத்தில் என்னமோ வரவில்லை. எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க இப்படி?"

ஜன்னலைப் பார்த்தபடியே அவர் சொன்னார். "எனக்கு டிவி பிடிக்காது."

"என்னது?"

"பிடிக்காது. முன்னாடியும் பிடிக்காது. முப்பது வருஷம் ரோட்டைப் பாத்துட்டு வந்தவன். பையன் பெட்டி வாங்கி அனுப்பினான், நீ இதுக்கு முன்னாடி நாற்காலியைப் போட்டே. யாரும் என்னைக் கேக்கல."

"அப்ப மூணு வருஷமா கூப்பிட்டீங்களே. சத்தம் வரல, படம் வரலன்னு."

"சத்தம் போனா நீ வருவே. அஞ்சு நிமிஷம் நிப்பே." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "வேற எதுக்குக் கூப்பிட்டாலும், இருங்க வரேன்பே. இதுக்கு மட்டும்தான் ஓடி வந்தே."

அவர் சொன்னது பொய்யில்லை. நீலத் திரை வந்தால்தான் வீட்டில் ஒரு அவசரம் என்று அவளும் நினைத்திருந்தாள். மூன்று வருஷமாகத் தன்னைக் கட்டிப்போட்ட கயிற்றின் மறுமுனையில் இவரும் கட்டுண்டு கிடந்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனால் அது புரிந்ததால் அவிழ்ந்துவிடவில்லை. தையல் கூடத்து மேசையில் பாதி வெட்டிய துணி கிடந்தது.

"நான் வேலையை விட மாட்டேங்க" என்றாள். தன் குரல் இவ்வளவு உறுதியாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"விடச் சொன்னேனா?"

"சொல்லல. பேட்டரியைக் கழட்டினீங்க."

அவர் வாயோரம் லேசாகக் கோணிற்று. சிரிப்பா, வாதத்தின் வேலையா என்று அவளுக்கு இன்னும் பிரித்துப் பார்க்க வரவில்லை.

நாற்காலியை அவள் ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். கீழே குறுகலான தெரு, எதிரே இன்னொரு குடியிருப்பு, அதன் கொடிகளில் துணி, சந்து முனையில் துண்டாகத் தெரியும் பெரிய சாலை. பேருந்து போனால் இரண்டு விநாடிதான் கண்ணில் படும். "இவ்வளவுதான் இருக்கு" என்றாள். "போதும்" என்றார். பேட்டரியை அவள் சமையலறை டப்பாவில் போட்டு வைத்தாள். பதினொரு மணிக்கு டீ நேரத்தில் நானே போன் பண்ணுகிறேன், ஐந்து நிமிஷம் பேசலாம், கீழே விழுந்தால் ஒழிய நடுவில் கூப்பிடக் கூடாது என்று ஒப்பந்தம் ஆயிற்று.

ஒப்பந்தம் சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது. அவர் பேருந்தைப் பார்த்தேன் என்பார், எவனோ தப்பான கியரில் மேடு ஏறுகிறான் என்று சத்தத்தை வைத்தே சொல்வார். சில நாள் ஐந்து நிமிஷமும் இருவரும் ஒன்றும் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே போன் அடித்தது. இருபது அடுக்கில் தோள்பட்டை வளைவு பாதி ஓடியிருந்தது. நிறுத்தினால் வளைவு கெட்டுவிடும். அவள் எடுக்கவில்லை. இரண்டாவது முறை அடித்தது. நெற்றி வேர்த்தது. மூன்றாவது முறை அடித்து ஓய்வதற்குள் வளைவை முடித்துவிட்டு, மெஷினை அணைத்து, அவரைக் கூப்பிட்டாள்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. நீ எடுக்கறியான்னு பாத்தேன்."

"எடுக்கல."

"ம். சரி, வேலையைப் பாரு."

அவள் போனை முதல் முறையாகக் கைப்பைக்குள் போட்டு, பையை ஆணியில் மாட்டினாள். மேசைக்குத் திரும்பிய பிறகும் காது ஆணிப் பக்கமே இருந்தது. அந்தக் கயிற்றை அறுக்க அவளிடம் கத்தரி இல்லை. அடுத்த துணியை இழுத்து விரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி, சாக்பீஸை எடுத்தாள்.