இருண்டு வந்த முப்பத்தொரு படங்கள்

அப்பாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, ஸ்டூடியோவின் மானிட்டரை அளந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, வயர் வாலோடு எலி மாதிரி இருந்த அளவுக்கருவியை மானிட்டரின் நடுவில் அவள் தொங்கவிட்டாள். வெள்ளை, சாம்பல், சிவப்பு என்று நிறங்கள் வந்து போயின. அப்பா ஸ்டூலில் கை கட்டி உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்தெட்டு வருஷமா நான் பார்க்காததை இந்த எலி பார்த்துடப் போகுதாக்கும்."

"எலிக்குக் கண்ணாடி தேவையில்லப்பா."

அவர் சிரிக்கவில்லை. ஆறு மாதமாகப் பிரிண்டுகள் இருண்டு வந்துகொண்டிருந்தன. மெக்கானிக் இரண்டு முறை வந்து போய்விட்டார். மையும் தாளும் மாற்றியாயிற்று. குற்றம் இயந்திரத்தின் மேல்தான் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. மானிட்டர் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், நாலு நாள் லீவில் வந்திருந்தாள்.

வேலை விஷயத்தில் அப்பா ஒரு பிடிவாதக்காரர். சட்டையின் நிறம் திரையில் விழுந்து கண்ணை ஏமாற்றும் என்று சாம்பல் சட்டை தவிர வேறு போட மாட்டார். மகள் கல்யாணத்துக்கும் அதே சாம்பலில் வந்து நின்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எந்தப் படமும் அவர் கண்ணில் படாமல் கடையை விட்டுப் போனதில்லை.

பிரிண்டோடு ஒத்துப்போகத் திரையின் வெளிச்சம் கருவியின் கணக்கில் நூற்றுப்பத்துப் பக்கம் இருந்தால் போதும். கருவி இருநூற்று அறுபது காட்டியது. திரை அவ்வளவு பளிச்சென்று இருந்தால் படமும் வெளுத்துத் தெரியும். பார்ப்பவர் படத்தின் வெளிச்சத்தைக் குறைப்பார். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அதில் முகம் இருட்டில் அமுங்கிவிடும்.

யார் கூட்டியது என்று கேட்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"நான்தான். கொஞ்சம் கொஞ்சமா. மங்கலாத் தெரிஞ்சுது."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா வேலையை விடச் சொல்லுவார்."

அவள் வெளிச்சத்தைக் குறைத்து, சரியாக எடுத்த பிரிண்ட் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. அப்பா குனிந்து பார்த்து, திரை இருட்டாக இருக்கிறது என்றார். இல்லை, உங்களுக்கு அப்படித் தெரிகிறது என்றாள்.

கண்ணைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப அந்த நர்ஸம்மா சொன்னது சரி," என்றார்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நர்ஸ், இறந்துபோன தன் தாயின் ஒரே படத்தைப் பெரிதாக்கித் தரக் கேட்டிருந்தார். பிரிண்டைப் பார்த்ததும், அம்மாவின் கண்ணே தெரியவில்லையே என்றாராம். கடையில் நாலு பேர் நிற்க, "அவங்க இருந்த மாதிரிதான் வரும்" என்று அப்பா சொல்லிவிட்டார். நர்ஸ் காசைக் கொடுத்துவிட்டுப் படத்தை வாங்கிப் போய்விட்டார்.

மகள் ஊர் திரும்பியதும் அப்பா அந்த ஆறு மாத வேலையைத் தோண்டியெடுத்துப் பட்டியல் போட்டார். முப்பத்தொரு படங்கள். கண்ணை நம்பாமல் எண்களைப் பார்த்துத் திருத்தி, மறுபடி பிரிண்ட் எடுத்து, வீடு வீடாக அவரே கொண்டுபோனார். பாதிப் பேர் வித்தியாசத்தைக் கவனிக்கவே இல்லை என்று போனில் குறைப்பட்டுக்கொண்டார். நர்ஸைப் பற்றிக் கேட்டால் மட்டும் நாளைக்கு என்பார். மறுவாரமும் நாளைக்கு. கூரியரில் அனுப்பிவிடலாமே என்றாள்.

"படத்தை அனுப்பிடலாம்மா. நான் சொன்ன வார்த்தையை எதுல போய்த் திருப்பி வாங்குறது?"

ஒரு புதன்கிழமை காலை, கடையின் ஷட்டரைத் தூக்கும்போது அப்பா விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

பத்து நாள் கழித்து மகள் கடையைத் திறந்தாள். பட்டியலில் முப்பது பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. மேஜையில் ஒரு உறை. உள்ளே நர்ஸின் தாய்; கண்கள் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. உறையின் மேல் விலாசம், கடையிலிருந்து கால் மணி நேர நடைதான். அதற்குக் கீழே, எங்கேயோ விசாரித்து எழுதிய அப்பாவின் கையெழுத்து: "வியாழன் மட்டும் பகலில் வீட்டில் இருப்பார்."