கிணற்றில் போட்ட சுண்ணாம்புக் கோடு

தொண்ணூறுகளில் பீளமேட்டு மில் ஒன்றில் மூன்றாம் ஷிப்ட் பார்த்தேன். பகலில்தான் தூங்க வேண்டும். சிமெண்டு அட்டைக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் எவன் தூங்குவான்? மெஷின் பக்கத்தில் நான் கண் அசந்ததை மேஸ்திரி பார்த்துவிட்டார். "இன்னொருக்கா தூங்குனீங்கன்னா ஊட்டுக்கே போயிருங்க" என்றார்.

வேலை போய்விடும் என்கிற பயத்தில்தான் திட்டம் போட்டேன். யாரோ கழித்துப் போட்ட ஏ.சி.யின் கம்ப்ரசர் ஒன்று கிடைத்தது. அது அறையின் சூட்டை உறிஞ்சும். கருப்பு ஓஸ் குழாய் ஒன்றில் சுற்றி வரும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டுபோய், வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியை ஒட்டியிருந்த கிணற்றில் இறக்கிவிட்டு வரும். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது.

ஆனால் கிணறு எனக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் பொது. ஒரு நாள் அவர் மோட்டார் ஓடும், மறுநாள் என்னுடையது. ஓஸைப் பார்த்தால் தண்ணீர் திருடுகிறேன் என்பார் என்று பதிலோடு காத்திருந்தேன். அவர் வேறொன்றைக் கேட்டார்.

"தண்ணி எடுக்கல, செரி. உன்ற ஊட்டுச் சூட்டைக் கொண்டாந்து கெணத்துல கொட்டறதா கண்ணு? பாதிக் கெணறு என்னுதாச்சே?"

"சூடு கரைஞ்சு போயிருமுங்ணா."

"என்ற பாதிலயும்தான கரையும்?"

கிணற்றை நான்கு பக்கமும் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார். பிறகு எதிரெதிர்ச் சுவர்களில் மேலிருந்து கீழே சுண்ணாம்புக் கோடு இழுத்தார். என் ஓஸ் கோட்டுக்கு இந்தப் பக்கமே கிடக்க வேண்டும். கோடு தண்ணீருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அதற்கும் ஏதாவது பதில் வைத்திருப்பார்.

முதல் நாள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். அவரோ தினமும் காலையில் படியிறங்கித் தன் பக்கத் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தார். காரணமில்லாமல் கை நனைக்கிற ஆள் அல்ல. என்னவோ வில்லங்கம் வருகிறது என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

வைகாசியில் தண்ணீர் கீழே போனது. மிச்சத் தண்ணீர் நின்ற அடிப்பாறைப் பள்ளம் முழுக்க அவர் பாதியில். என் ஓஸ் காய்ந்த பாறையில் கிடந்தது. கம்ப்ரசர் போட்டதும் கொதித்துக் கொதித்துத் தானாக நின்றுகொண்டிருந்தது. அன்று எதற்குச் சுற்றிப் பார்த்தார் என்பது அப்போதுதான் விளங்கிற்று. பள்ளம் பார்த்துத்தான் கோடு போட்டிருக்கிறார்!

"ஏனுங்க, பக்கத்து ஊட்டு அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு ஓஸை அந்தப் பக்கம் போடறதுதானுங்க?" என்றாள் மனைவி.

கேட்பதாவது! இதையே சாக்காக வைத்து நாளைக்குக் கிணற்றையே எழுதித் தரச் சொல்லிக் கேட்பார். கேட்காமலே வேலைக்குப் போனேன். தூங்கிவிடாமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்றேன். மேஸ்திரி என் பக்கம் அடிக்கடி வந்து போனார்.

ஒரு நாள் மத்தியானம் விழித்தபோது பாதங்கள் குளிர்ந்திருந்தன. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. கிணற்றடிக்கு ஓடினேன். என் ஓஸ் அவர் பாதியில், கல் கட்டி, தண்ணீருக்குள் கிடந்தது. அவர் படியில் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குங்ணா போட்டீங்க?"

"உன்ற சூடு ஒண்ணும் பெரிசா வரக் காணோம். தெனமும் தொட்டுப் பாத்துக்கிட்டுத்தான இருக்கறன்" என்றார். "போ, போய்ப் படு."

எனக்கு அழுகை முட்டியது. அந்த அழுகையைக்கூட நான் நம்பவில்லை. எதற்காகச் செய்தார், என்ன கேட்பார் என்று யோசித்துக்கொண்டே போய்ப் படுத்தேன். யோசித்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டேன்.