செங்கல் பொடி தேய்த்த லென்ஸ்

தென்காசியில் ஒரு ஸ்டுடியோவின் பின்னறையில் பதினெட்டு வருஷம் நெகட்டிவ்களுக்கு டச்சிங் செய்தேன். தழும்பு, மரு, சுருக்கம் எதுவும் படத்தில் தெரியாதபடி பென்சிலால் நிரவுகிற வேலை. கேமராவை மட்டும் தொட விடமாட்டார்கள். என் தங்கச்சிக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு. வரன் பார்க்க அனுப்பிய படத்தில் அத்தனையையும் அழித்தவள் நான்தான். வந்தவர்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அவள் கல்யாணமே வேண்டாமென்று குற்றாலத்தில் தையல் மிஷினோடு ஒதுங்கிவிட்டாள். அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கும் நின்றதில்லை.

அவளை ஒரு தடவையாவது உள்ளது உள்ளபடி எடுத்துக் கொடுக்க வேண்டும். செல்போனை நம்ப முடியாது. அது தானாகவே முகத்தை மழுப்புகிறது, சனியன். பெரிய ஃபிலிமில் எடுத்தால்தான் ஒவ்வொரு தழும்பும் பேசும்.

போன வருஷம் சிவகிரியில் ஒரு பழைய அச்சகத்தைக் காலி செய்தார்கள். குப்பைக்கு நடுவே ஒரு பித்தளைக் குழாய், இரண்டு முனையிலும் கண்ணாடி. மேலே பொறித்த கம்பெனி பேரெல்லாம் தேய்ந்துவிட்டது. "மோட்டார் சாமானா இருக்கும், எடுத்துட்டுப் போங்கக்கா" என்றான் பழைய சாமான் எடுக்க வந்த ஆக்கர்காரன். முந்தானையில் சுற்றி எடுத்து வந்தேன். வீட்டில் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து, எத்தனை பிம்பம் விழுகிறது என்று பார்த்து உள்ளே எத்தனை கண்ணாடி என்று தெரிந்துகொண்டேன். பிறகு எதிர்வீட்டை வெள்ளைச் சுவரில் விழவைத்தேன். ஆத்தாடி, ஜன்னல் கம்பியின் துருகூடத் தலைகீழாகத் தெரிந்தது! அச்சுக்குப் படம் எடுக்கிற பெரிய கேமராவின் லென்ஸ் அது. அழுதுவிட்டேன்.

கேமராவுக்கு வேண்டிய மிச்சத்தைப் பொறுக்கிச் சேர்த்தேன். ஸ்கேன் சென்டரில் தள்ளிய எக்ஸ்ரே பெட்டி ஃபிலிம் வைக்க. கறுப்பு ரெக்சினை மடித்துத் தைத்து, லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே துருத்தி. புளியங்குடி லாரி ஒர்க்‌ஷாப்பில் வால்வு தேய்க்கிற பசையை வாங்கி, ஜன்னல் கண்ணாடியைச் சொரசொரப்பாக்கி, பிம்பம் பார்க்கிற திரை. ஷட்டருக்கு ஊறுகாய் பாட்டில் மூடி. போலீஸிலிருந்து ரிட்டயரான என் வீட்டுக்காரர் போகும்போதும் வரும்போதும் கேட்பார்: "வேற சோலியே இல்லையாட்டி உனக்கு?"

தங்கச்சி படத்துக்கு நிற்க ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். "தழும்போடதான் எடுக்கணும்க்கா" என்றாள்.

ஆயுத பூஜை அன்று கடைக்குப் போய்த் திரும்பினேன். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் என் லென்ஸ் தகதகவென்று நின்றது. சந்தனம், குங்குமம் வேறு.

"பித்தளை கறுத்துக் கெடந்துச்சுல்லா, புளியும் செங்கல் பொடியும் போட்டு நல்லா தேய்ச்சிருக்கேன். எப்படி மின்னுது பாரு. கண்ணாடியையும் விடல" என்றார் வீட்டுக்காரர். அந்த மனுஷன் என் வேலைக்கு மரியாதை செய்தது அன்று ஒரு நாள்தான். அதிலேயே அதை நாசமாக்கிவிட்டார். கண்ணாடி முழுக்கக் கீறல், பனி படிந்தது போல. இனி அதில் எதுவும் மழுங்கித்தான் விழும். என்னவென்று திட்டுவது? லென்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வேறு லென்ஸுக்கு எங்கே போவேன்? தங்கச்சியோ எப்போது எடுப்பாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வருகிறது வரட்டும் என்று அதை வைத்தே எடுத்தேன்.

பிரதி போட்டு, வீட்டுக்காரரோடு குற்றாலம் போய்க் கொடுத்தேன். அவர்தான் முதலில் எட்டிப் பார்த்தார். "அடேயப்பா, சாமி படம் மாதிரில்லா இருக்கு! ஒரு தழும்பு தெரியுதா பாரு!"

தங்கச்சி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அன்னைக்கும் அழிச்ச. இன்னைக்கும் அழிச்சுட்டியேக்கா."

செங்கல் பொடி என்று ஆரம்பித்தேன். அவள் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிஷினை மிதிக்கத் தொடங்கினாள்.