எண்பத்து நாலில் நின்ற நாடி

ஓசூர் ரோட்டில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் யூனிஸுக்கு இது பத்தொன்பதாவது வருஷம். எத்தனையோ பேருக்கு ரத்தம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. மேலே கேஷுவாலிட்டியிலிருந்து போனில் எண்கள் வரும். அவற்றைக் கேட்டே ஆளை எடைபோடுவாள்.

அந்தத் துணிச்சல்தான் போன மாதம் காலை வாரிவிட்டது. யாரும் கேட்காமலே, ரத்தப்போக்கை நிறுத்த உதவும், ஃப்ரீஸரில் உறைந்த பிளாஸ்மா நாலு பையை உருக்கி வைத்தாள். அடிபட்ட ஆளோ ரெண்டு தையலோடு வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டான். உருக்கியதைத் திரும்ப உறையவைக்க முடியாது. நாலு பையும் குப்பைக்குப் போயின, அவள் கைக்கு மெமோ வந்தது. இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேலை போய்விடும்.

இன்று காலை பத்தரைக்குப் போன். பயிற்சி டாக்டர் ப்ரஹ்லாத்.

"மேடம், அத்திபெலேல லாரி மோதின கேஸ். பழனிச்சாமி, ஐம்பத்தெட்டு வயசு, பி பாசிட்டிவ். ப்ரெஷர் நூறு, பல்ஸ் எண்பத்து நாலு. ஸ்கேன்ல வயித்துக்குள்ள ரத்தம் தெரியுது. ஆனா ஸ்கோர் ஒண்ணுதான். ரெண்டு பை ரத்தம் மட்டும் போதும்."

ஸ்கோர் என்பது நாலு கேள்வி. குத்துக்காயமா? ப்ரெஷர் தொண்ணூறோ அதற்குக் கீழேயோ? நாடி நூற்றிருபதைத் தொட்டதா? வயிற்றில் ரத்தமா? இரண்டுக்காவது ஆமாம் என்றால்தான் ஆளுக்குப் பை பையாக ரத்தம் தேவைப்படும் என்று கணக்கு, பிளாஸ்மாவும் உருகும்.

யூனிஸ் எண்களைக் குறித்துக்கொண்டாள். உள்ளே ரத்தம் கொட்டுகிற மனுஷனுக்கு நாடி எண்பத்து நாலா? போன வாரம் அவள் கணவன் சிரில் நூற்றிமூன்று டிகிரி காய்ச்சலில் கிடந்தபோதும் நாடி எழுபதைத் தாண்டவில்லை. அவன் தினமும் போடும் பிபி மாத்திரை அப்படி.

"டாக்டர், வீட்டம்மா கூட இருக்காங்களா? பிபி மாத்திரை போடுறாரான்னு கேளுங்க."

"இதுக்கெல்லாம் டைம் இல்ல மேடம்."

"கேளுங்க சொல்றேன்!"

போனில் ஒரு பெண்ணின் அழுகை. பிறகு ப்ரஹ்லாத் வந்து மாத்திரையின் பெயரைச் சொன்னான். சிரிலின் மாத்திரையேதான்.

"அதுதான் நாடிய ஏறவிடாம புடிச்சு வெச்சிருக்கு. நம்பாதீங்க. உடனே சீனியரக் கூப்பிடுங்க."

"சீனியர் ஓ.டி.ல இருக்காரு. வந்ததும் சொல்றேன்."

போன் வைக்கப்பட்டது. கேட்டபடி ரெண்டு பை ரத்தத்தை மேலே அனுப்பினாள். ஆர்டர் வரும்வரை காத்திருந்தால், அதற்குமேல் உருக அரை மணி நேரம். ஃப்ரீஸரைத் திறந்தவள் ஒரு கணம் நின்றாள். மகளின் காலேஜ் ஃபீஸ் நினைவுக்கு வந்தது. "கர்த்தரே" என்று முணுமுணுத்துவிட்டு நாலு பை பிளாஸ்மாவை வெதுவெதுப்பான நீர்த்தொட்டிக்குள் இறக்கினாள்.

பத்து நிமிஷம். பதினைந்து. போன் கல்லாட்டம் கிடந்தது. ஒரு மனுஷனுக்கு மோசமாகட்டும் என்றா காத்திருக்கிறோம் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. அவர் பிழைத்து எழுந்து போகட்டும், மெமோ வந்தால் வரட்டும்.

இருபத்தாறாவது நிமிஷம் மணி அடித்தது.

"ப்ரெஷர் அறுபது! சீனியர் பிளாஸ்மா கேக்குறாரு. அரை மணி ஆகுமா மேடம்? அவ்ளோ நேரம் தாங்கமாட்டாரு!"

"பை வாங்க ஆளை அனுப்புங்க. அவர் படியிறங்கி வர்றதுக்குள்ள ரெடி."

பைகள் மேலே போயின. மதியம், ஆபரேஷன் முடிந்து ஆள் பிழைத்துக்கொண்டார் என்று தகவல் வந்தது. அவள் சிரிலுக்குப் போன் போட்டாள்.

"அந்த மாத்திரை பேர ஒரு சீட்டுல எழுதி சட்டைப் பையில வைங்க."

"எதுக்குடி?"

"வெளிய போறப்ப நான் கூட இருக்கமாட்டேன் இல்ல?" என்றாள்.