காரணம் எழுதும் பீரியட்

முதலியார்பேட்டைப் பள்ளியொன்றில் நான் கணக்கு டீச்சர். உலக நாடுகளின் மாணவர்களை ஒப்பிடும் தேர்வில் நம் நாடும் சேரப்போகிறது என்று, தினமும் ஒரு பீரியட் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். மனப்பாடம் கூடாது, விடைக்குக் காரணம் எழுத வேண்டும். விழுப்புரம் போக எந்த பஸ் நல்லது என்ற கேள்விக்கு ஒரு பெண், "மெதுவாகப் போவது. வேகமாகப் போவது எங்கள் ஸ்டாப்பில் நிற்காது" என்று எழுதினாள். விடைக்குறிப்பில் அது இல்லை. நான் முழு மார்க் போட்டேன்.

பிறகு நாடு அந்தத் தேர்விலிருந்து பின்வாங்கியது. தோற்றால் மானம் போகுமாம். பிள்ளைகளுக்கு யோசிக்கத் தெரியாவிட்டால் போகாதாம்.

தலைமையாசிரியை வகுப்புக்கே வந்து, "அந்த பீரியட் இனிமே வேணாம் டீச்சர். பழையபடி நோட்ஸ் குடுங்க" என்றார்.

"அப்ப இனிமே காரணம் எழுத வேணாமா மிஸ்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

நான் போர்டுப் பக்கம் திரும்பி, அன்றைய கணக்கின் விடையை மட்டும் எழுதினேன். எல்லோரும் அதைப் பார்த்து எழுதினார்கள், அவளும்தான்.