இரட்டைத் தலைக் கிளிகள்

இணையப் பக்கங்களுக்குப் பின்னணி டிசைன் செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஒரு சின்னச் சதுரத்தில் பூவோ கொடியோ வரைவேன். கம்ப்யூட்டர் அதையே பக்கம் முழுக்க அடுக்கிக்கொண்டு போகும். ஒட்டு எங்கேயும் தெரியக் கூடாது, அவ்வளவுதான் வித்தை. ஒட்டு தெரிந்தால் என்ன ஆகும் என்பதைப் பொம்மிடிக்குப் பக்கத்தில் அம்மா பிறந்த வீட்டுச் சுவரில் படித்தேன்.

எண்பதுகளில் ஒரு கோடை விடுமுறை. சித்தியைப் பெண் பார்க்க மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை வருவதாக இருந்தது. அதற்கு முன் வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனதோடு சரி, தகவலே இல்லை. குறை வீட்டில்தான் என்று மாமா முடிவு கட்டினார். அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். எதையும் தன் கையாலேயே செய்வார், ஒருமுறைகூடச் சரியாகச் செய்ததில்லை. சேலத்திலிருந்து ரப்பர் உருளை ஒன்று வாங்கி வந்தார். அதில் கிளியும் கொடியும் செதுக்கியிருந்தது. சாயத்தில் நனைத்துச் சுவரில் மேலிருந்து இழுத்தால் கிளிக்குக் கீழே கிளி இறங்கிக்கொண்டே வரும். பக்கத்தில் இன்னொரு இழுப்பு இழுத்தால் கொடி கொடியோடு சேர்ந்துகொள்ளும்.

ஒரு மூலையில் ஆரம்பித்து மறு மூலையில் முடிப்பதுதான் ஊர் வழக்கம். மாமாவோ இரண்டு மூலையிலிருந்தும் இழுத்துக்கொண்டு நடுவுக்கு வந்தார். நடுவில் அரைக் கிளிக்குத்தான் இடம் இருந்தது. விடுவாரா? ஏற்கெனவே இருந்த கிளிகளின் மேலேயே ஒரு இழுப்பு இழுத்தார். கூரையிலிருந்து தரைவரை அத்தனை கிளிக்கும் இரண்டு தலை, வால் கிடையாது.

"ஏன்டா, வூட்டுக்கு வர்றவங்க பொண்ணப் பாப்பாங்களா, இதப் பாப்பாங்களா?" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

வெள்ளையடித்து மறைக்க நேரமில்லை. பஸ் வரும் நேரமாகிவிட்டது. சித்தி உள்ளே போய்விட்டாள். இந்த இடமும் போயிற்று என்று அவளே முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரிந்தது. எனக்கே அழுகை வந்தது.

மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். மாப்பிள்ளை வீட்டார் நுழைந்ததும் அந்த வரிசையின் மேல் முதுகை ஒட்டி நின்றுகொண்டார்.

"ஒக்காருங்க தம்பி," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"இருக்கட்டுங்க. நின்னே பழக்கமுங்க."

அங்கேதான் வினை. பெண்ணின் அண்ணன் நிற்கும்போது மாப்பிள்ளை எப்படி உட்காருவார்? அவரும் எழுந்து மாமாவுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். நாற்காலிகள் சும்மா கிடக்க, இருவரும் மழைக்கு ஒதுங்கியவர்களைப் போல நின்றபடியே காபி குடித்தார்கள். கொண்டுவந்து கொடுத்த சித்தி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிளம்பும் முன் ஜெபம். எதிர்ச் சுவரில் இருந்த இயேசு படத்துக்கு முன்னால் எல்லோரும் முழங்காலிட்டோம். மாமாவும் மாப்பிள்ளையும் முன்வரிசை, பெண்கள் பின்னால். தாத்தா ஜெபத்தை ஆரம்பித்தார். சாயத்தில் பசை கலக்க மாமா மறந்துபோனது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வெள்ளைச் சட்டைகளின் முதுகிலும் பச்சைக் கிளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

சித்தி சிரித்துவிட்டாள். முந்தானையை வாயில் திணித்தும் அடங்கவில்லை. தாத்தா ஜெபத்தை நிறுத்தினார். மாப்பிள்ளை திரும்பி அவளைப் பார்த்தார். மாமாவின் முதுகில் இருந்த இரட்டைத் தலைகளைப் பார்த்தார். பிறகு கையை வளைத்துத் தன் முதுகைத் தடவி, விரலில் ஒட்டிய பச்சையைப் பார்த்தார்.

"எனக்கும் ரெண்டு தலைங்களா?" என்று சித்தியிடம் கேட்டார்.

"இல்லீங்க. ஒங்களுக்கு ஒண்ணுதாங்க."

அன்று அவள் பேசியது அவ்வளவுதான். அடுத்த வாரமே சம்மதம் என்று ஆள் வந்து சொன்னார். எல்லாம் தன் உருளையின் மகிமை என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கல்யாணத்துக்கு முன் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். மாப்பிள்ளை சாய்ந்த இடத்தில் கிளிகள் பாதி அழிந்து திட்டாகத் தெரிந்தன. அங்கே வந்ததும் சித்தி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது மட்டும் இருக்கட்டும்ண்ணா." எதற்கும் மல்லுக்கு நிற்கும் மாமா, வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது, வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டில் கெஞ்சி ஒரு டப்பா வாங்கி வந்து சித்தியிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, என் கன்னத்தை வலிக்கக் கிள்ளினாள். நல்லது செய்தவளுக்கு இதுவா கூலி என்று சாயங்காலம் வரை நான் அவளோடு பேசவில்லை.